செயற்கை நுண்ணறிவு எழுதிய 1,830 வரிகள் வந்திருக்கின்றன. சேர்க்கவா, மூடவா?

அச்சுமை எழுதியது:

வணக்கம். என்னுடையது பெரிய திட்டம் இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துவைத்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினிகளும் படிக்கும் யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றும் ஒரு சின்ன பைதான் கருவி. 2011இல் மதுரையில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தபோது என் தேவைக்காக எழுதி, ஜிபிஎல் 3 என்ற திறமூல உரிமத்தில் போட்டுவைத்தேன். வருடத்துக்கு நாலைந்து பேர் இஷ்யூ, அதாவது பிழைப் புகார், போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீயோடு உட்கார்ந்து பார்ப்பேன். அவ்வளவுதான் என் 'பராமரிப்பு'.

போன வாரம் ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது 'என் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கை, வந்தது. 14 கோப்புகள், 1,830 வரிகள். என் மொத்தக் கருவியே 900 வரிதான்! விளக்கம் சுத்தமான ஆங்கிலத்தில், வரிக்கு வரி பச்சை டிக் குறியோடு இருந்தது. 62 சோதனைகள், எல்லாமே பாஸ். உண்மையைச் சொன்னால் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் என் கருவிக்கு ஒரு சோதனைகூட எழுதித் தந்ததில்லை.

அப்புறம் என்னிடம் இருக்கும் பழைய கோப்பு ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். 'வெள்ளிக்கிழமை' என்று வரவேண்டிய இடத்தில் 'வௌ்ளிக்கிழமை' என்று வந்தது.

பாமினி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் 'ள' எழுத்துக்கும், 'கௌ'வில் கடைசியாக வரும் குறிக்கும் ஒரே விசைதான். தாளில் அச்சாகும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. யுனிகோடில் இரண்டும் வேறு. ஆகவே மாற்றும்போது 'கெளரவம்' என்று விழுவதைக் 'கௌரவம்' ஆக்க வேண்டும். வந்த நிரல் என்ன செய்கிறது என்றால், ஒற்றைக்கொம்பு போட்ட எழுத்துக்கோ ஒகரத்துக்கோ அடுத்து ள வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரம் ஆக்கிவிடுகிறது. கௌரவம், பௌர்ணமி, மௌனம், ஔவையார் எல்லாம் அழகாக வருகின்றன. சோதனைகளில் இருந்ததும் இதே சொற்கள்தான். 'தெளிவு' மட்டும் 'தௌிவு', 'ஒளி' மட்டும் 'ஔி'.

ளவுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று என் பழைய நிரலில் ஒரு வரி இருந்தது. அதைத் தேவையற்றது என்று நீக்கியிருக்கிறார்கள். அதற்கும் மேலே பேச்சுவழக்குச் சொற்கள் இருக்கின்றன. 'வெளங்குமா', 'வெளக்கு', 'வெளயாட்டு' மாதிரி. இவற்றில் ளவுக்குப் பின் குறியே இல்லை, விதி போட்டுப் பிடிக்க முடியாது. அதனால் ஒரு விலக்குப் பட்டியல் வைத்திருந்தேன். எங்கள் சென்டருக்குப் புரூஃப் பார்க்க வந்த ஒரு பெரியவர் சொல்லச் சொல்ல, ஆறேழு வருடத்தில் சேர்ந்த 212 சொற்கள். கிராமத்துக் கதைகள் அடிக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு புதுச்சொல் கிடைக்கும். அந்தப் பட்டியலும் காணாமல் போயிருந்தது.

ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில். 'அருமையான கேள்வி!' என்று ஆரம்பித்து நான்கு பத்தி. என் கேள்வியை அப்படியே எடுத்து இயந்திரத்திடம் போட்டிருக்கிறார் என்று புரிந்தது. அனுப்பியவர் மூன்றாமாண்டு பொறியியல் மாணவர் என்று முகப்பில் போட்டிருக்கிறது.

நானும் ரெகெக்ஸ் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் விதி) எழுத சாட்ஜிபிடியிடம் போகிறவன்தான், யோக்கியன் வேடம் போடவில்லை. ஆனால் இதை என்ன செய்வது? மூடிவிடலாமா? இனிமேல் இப்படி வந்தால் என்று ஏதாவது விதி எழுத வேண்டுமா? ஜிபிஎல்லுக்கு இதனால் பாதிப்பு உண்டா?

---

இரவுக்கமிட் எழுதியது:

மூடுங்கள். யோசிக்கவே வேண்டாம். 1,830 வரியை உருவாக்க அவருக்கு ஐந்து நிமிடம், படிக்க உங்களுக்கு இரண்டு ஞாயிறு. டீ செலவு வேறு.

கர்ல் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். இணையத்தில் தரவை அனுப்பிப் பெற, உலகத்தில் பாதிக் கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் அது. பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தால் பணம் என்று 2019இலிருந்து ஒரு பரிசுத் திட்டம் நடத்தினார்கள். அதன் தலைவர் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே புலம்ப ஆரம்பித்துவிட்டார்: இல்லாத ஓட்டையைப் பற்றி, கேட்கவே நம்பத்தகுந்த தொனியில், பக்கம் பக்கமாக அறிக்கைகள் வருகின்றன என்று. மறுகேள்வி கேட்டால் உங்களுக்கு வந்த மாதிரிதான், பணிவான இன்னொரு கட்டுரை வரும். கடைசியில் 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இதே மனிதர்தான் 2025 செப்டம்பரில், ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வைத்துத் தேடி அனுப்பிய பட்டியலைப் பாராட்டி எழுதினார். அதிலிருந்து பத்துக்கணக்கில் நிஜமான பிழைகளைத் திருத்தினார்கள். அனுப்பியவருக்குத் தான் என்ன அனுப்புகிறோம் என்று தெரிந்திருந்தது. உங்கள் மாணவருக்குத் தெரியவில்லை.

---

உரிமம்வாசி எழுதியது:

ஜிபிஎல் பற்றிய மூன்றாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

2021இல் நிரல் எழுதித் தரும் கோபைலட் கருவி முன்னோட்டமாக வந்த புதிதில் ஒருவர் சோதித்துப் பார்த்தார். க்வேக் 3 விளையாட்டில் வர்க்கமூலத்தின் தலைகீழியைக் கணக்கிடும் புகழ்பெற்ற ஒரு துண்டு நிரல் உண்டு. கோபைலட் அதை அப்படியே கக்கியது, மூல ஆசிரியர் குறிப்புரையில் எழுதிவைத்த கெட்டவார்த்தை உட்பட. அந்த நிரல் 2005இல் ஜிபிஎல் 2இல் வெளியானது. கோபைலட் அதன் தலையில் சம்பந்தமில்லாத வேறு உரிமத்தை ஒட்டியது. உங்களுக்கு வந்த 1,830 வரியில் யாருடைய வரிகள் இருக்கின்றன என்று அந்த மாணவரால் சொல்ல முடியுமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனிதர் ஆசிரியராக இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2025 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. அது ஒரு படத்தைப் பற்றிய வழக்கு, நிரலைப் பற்றியது இல்லை, இந்தியச் சட்டமும் இல்லை. ஆனால் அதே தர்க்கம் நிரலுக்கும் வந்தால், பதிப்புரிமை இல்லாத வரிகள்மேல் ஜிபிஎல் எப்படி நிற்கும்? 'எடுத்துக்கொள், ஆனால் திருப்பித் திறந்து வை' என்று நிபந்தனை போட முடிவதே பதிப்புரிமை கையில் இருப்பதால்தான்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2004இலிருந்து ஒரு வழக்கம். லினக்ஸில் தன் நிரல் கலந்துவிட்டது என்று ஐபிஎம்மீது எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்குக்குப் பிறகு வந்தது. ஒவ்வொரு பேட்சின் (அனுப்பும் திருத்தத்தின்) அடியிலும் அனுப்புகிறவர் பெயர் போட்டு, இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதி சொல்ல வேண்டும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் க்யூஇஎம்யூ திட்டம் 2025இல் இயந்திரம் எழுதிய நிரலை மறுத்ததற்குச் சொன்ன காரணம் இதுதான்: அந்த உறுதியை நேர்மையாகக் கொடுக்க முடியாது. மற்ற இயங்குதளத் திட்டங்களில் ஜென்டூ 2024 ஏப்ரலில் தடை போட்டது. நெட்பிஎஸ்டி அடுத்த மாதமே, முன்னனுமதி இல்லாமல் சேர்க்கக்கூடாது என்றது. ஃபெடோரா 2025 அக்டோபரில் வேறு வழி போனது: பயன்படுத்திக்கொள், பயன்படுத்தியதைச் சொல், பொறுப்பு உன்னுடையது. கெர்னலும் ஏறக்குறைய அப்படித்தான். உதவிய கருவியைக் குறிப்பிடலாம், ஆனால் உறுதிமொழிக் கையெழுத்தைக் கருவி போடக்கூடாது, மனிதர்தான் போட வேண்டும்.

பத்து வருடம் கழித்து யாராவது வந்து 'இது என் நிரல்' என்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அதை வைத்து முடிவெடுங்கள்.

---

சனசமூகம் எழுதியது:

நான் நிரல் எழுதுற ஆள் இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்து உங்கட கருவியைப் பாவிக்கிற ஆள். எங்கள் ஊர் சனசமூக நிலையத்தின் பழைய ஆண்டு மலர்கள் எல்லாம் பாமினியில் சீடிகளில் கிடந்தன. கருவி இல்லாவிட்டால் திரும்ப இருந்து அடித்திருக்க வேண்டும்.

அந்த மாணவரின் பதிப்பைத் தெரியாமல் நான் இறக்கிவிட்டேன், பட்டியலில் அதுதான் புதிதாக மேலே இருந்தது. வேகம் நல்ல வேகம், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கட மலரில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல் 'வெளிநாடு'. அவ்வளவும் 'வௌிநாடு' ஆகி, சொல்லின் நடுவில் புள்ளிகளாலான ஒரு வட்டம் வந்து நின்றது. கண்ணுக்குத் தெரிந்ததால் பிடித்தேன். 'வெளக்கு' மாதிரிச் சொல்லில் வட்டமும் வராது. 'வௌக்கு' என்று வடிவாக இருக்கும், பிறகு தேடினால் கிடைக்காது. அதுதான் எனக்குப் பயம்.

ஒரு கேள்வி. அந்த 212 சொற்களைத் தனிக் கோப்பாகத் தர முடியுமா? எங்கட பக்கத்துச் சொற்களையும் சேர்த்துத் தாறன்.

---

மறுபக்கம் எழுதியது:

எல்லோரும் அந்தப் பையனைத் தூக்கில் போடாத குறை. வளாக நேர்காணலுக்கு வருகிற கம்பெனிகள், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உன் பக்கத்தைக் காட்டு என்கின்றன, கல்லூரியில் பங்களிப்பு எண்ணிக்கை கேட்கிறார்கள். அவன் என்ன செய்வான்? 2009இல் நான் அனுப்பிய முதல் பேட்ச் வேறொரு மன்றத்திலிருந்து காப்பி அடித்தது. அதைப் பார்த்தவர் மூடவில்லை, 'இந்த வரி என்ன செய்கிறது, எனக்குச் சொல்' என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் தூக்கமில்லாமல் படித்துப் பதில் எழுதினேன். இன்றைக்கு அதுதான் என் சோறு.

இன்னொன்று. திறந்த நிரல் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அதை எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவி திறந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மெட்டாவின் லாமா என்ற மொழி மாதிரியைத் 'திறமூலம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். மாதம் 70 கோடிப் பயனர்களுக்குமேல் வைத்திருந்த நிறுவனம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று அதன் உரிமத்தில் இருக்கிறது. 2024 அக்டோபரில் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, திறமூலச் செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று ஒரு வரையறை வெளியிட்டது. அதிலும் பயிற்சித் தரவையே தர வேண்டியதில்லை, தரவைப் பற்றிய விவரம் போதும். பாதிப் பேர் அதற்கே சண்டை போட்டார்கள், எனக்கும் அது ஒப்பவில்லை. அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் ஓல்மோ என்ற மொழி மாதிரியைத் தரவோடு சேர்த்துக் கொடுத்தது, ஆக முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

---

அச்சுமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரவுக்கமிட் சொன்னபடி மூடினேன். ஆனால் மூடும்போது மறுபக்கம் சொன்னதையும் செய்தேன். தமிழில் இரண்டு வரி எழுதினேன்: 'தம்பி, இயந்திரத்திடம் கேட்காமல் பதில் சொல்லுங்கள். "தெளிவு" ஏன் உடைகிறது?' நான்கு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் தமிழில், எழுத்துப்பிழையோடு பதில் வந்தது. பாமினி என்றால் என்னவென்றே தெரியாது, வீட்டில் யாரும் டைப் அடித்ததில்லை, இஷ்யூ பட்டியலில் எளிதாகத் தெரிந்ததால் எடுத்தேன், ளவும் ஔகாரக் குறியும் வேறு என்பது இன்றுதான் தெரியும் என்று எழுதியிருந்தார். அந்தப் பிழைகளைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

பங்களிப்பு விதியாக இதைப் போட்டிருக்கிறேன்: 'எந்தக் கருவியை வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், எது என்று சொல்லிவிடுங்கள். எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவைக்கு 100 வரிக்குமேல் அனுப்பாதீர்கள், எனக்கு ஒரு ஞாயிறுதான் இருக்கிறது.' உரிமம்வாசி சொன்ன உறுதிமொழி வரியையும் கீழே சேர்த்துவிட்டேன்.

சனசமூகம் அக்கா, சொற்பட்டியலைத் தனிக் கோப்பாக்கிவிட்டேன். நீங்கள் அனுப்பிய 31 சொற்களும் உள்ளே இருக்கின்றன. பதிப்புப் பட்டியலில் அந்த மாணவரின் பதிப்பு உங்கள் கண்ணில் படும்படி இருந்தது என் தவறு, எடுத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி அந்த மாணவரிடமிருந்து புதிதாக ஒரு புல் ரிக்வெஸ்ட் வந்தது. ஒரே கோப்பு, இரண்டே வரி. விளக்கத்தில், 'பாட்டி திட்டும்போது கவனித்தேன்' என்று மட்டும் இருந்தது. சேர்த்திருந்த சொற்கள் 'வெளக்கமாறு', 'வெளக்கெண்ண'. இரண்டுமே என் பட்டியலில் இல்லை. மெர்ஜ் செய்துவிட்டேன்.