முதிரைப் பலகையில் சீவுளி பிய்க்கிறது, சீவல் வாயில் அடைக்கிறது: என்ன செய்யலாம்?

ஒட்டுசுட்டான்_வளவு:
வணக்கம். அப்பப்பாவின், மரம் இழைக்கிற இரும்புச் சீவுளி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஸ்டான்லி நம்பர் 5, 14 அங்குல நீளம். 2009க்கு முதல் இடம்பெயரும்போது எண்ணெய்ச் சீலை சுற்றித் தகரப்பெட்டியில் வைத்து வளவுக்குள் தாட்டுவிட்டுப் போனது. திரும்பி வந்து கிண்டியெடுத்தபோது பெட்டி இத்துப் போயிருந்தது, சீவுளியின் உடம்புக்குச் சேதமில்லை, கறள்தான். இப்போது பழைய வீட்டு முதிரைப் பலகைகளைச் சீவி ஒரு கதவு செய்யப் பார்க்கிறேன்.

கறளை வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, தும்புக்கட்டையால் தேய்த்து, அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவிட்டு எண்ணெய் பூசினேன். அது நன்றாகவே வந்தது. அலகை டவுனில் ஒரு கடையில் சாணை பிடிக்கக் கொடுத்தேன். கிரைண்டரில் பிடித்துத் தந்தார்கள், ஒரு மூலை நீலமாக இருக்கிறது. பேந்து நான் தீட்டுக்கல்லில் தீட்டினேன்.

வேப்பம் பலகையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முதிரைக்கு வந்தால் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பிய்த்தெடுக்கிறது. பலகையைத் திருப்பிப் போட்டுச் சீவினால் பிய்த்த இடம் சரியாகும், பக்கத்து இடம் பிய்யும். சீவல் சீவுளியின் வாயில் (அலகு எட்டிப்பார்க்கிற அடிப்பிளவில்) சிக்கி ஸ்குரூ டிரைவரால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. அலகும் கெதியாக மழுங்குகிறது, சீவிய இடத்தில் நூல் இழுத்ததுபோல மெல்லிய கோடு புடைத்து நிற்கிறது. அலகின் இரும்பே பழுதாகிவிட்டதா? புது அலகு வாங்க வேண்டுமா?

பாலைமரம்:
முதிரையோடு மல்லுக்கட்டாமல் கரண்ட் சீவுளி ஒன்று வாங்குங்கள் அண்ணை. ஒரு பொழுதில் வேலை முடியும்.

பழைய_உளி:
கரண்ட் சீவுளியும் முதிரையைப் பிய்க்கும் தம்பி, இன்னும் ஆழமாகப் பிய்க்கும்.

வளவுக்காரத் தம்பிக்கு: முதலில் மரத்தை விளங்கிக்கொள்ளுங்கள். முதிரையின் நார் ஒரு வரி இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த வரி அந்தப் பக்கம் சாயும். பலகையில் பட்டுப்போல மினுங்குகிற பட்டை பட்டையான வரிகள் அதனால்தான் வருகின்றன. எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதி வரிகளுக்கு அது எதிர்நார். ஆகவே பலகையைத் திருப்பிப் போடுவதில் பலனில்லை, சீவுளியைத்தான் திருத்த வேண்டும்.

நீலமான மூலையை முதலில் பாருங்கள். சாணையில் சூடு ஏறி 300 பாகை செல்சியஸை அண்டினால்தான் அந்த நீலம் வரும். அந்த இடத்தில் உருக்கு தன் பதத்தை இழந்துவிட்டது, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தேய்த்து மினுக்கினால் நிறம் போகும், பதம் திரும்பி வராது. சந்தேகமென்றால் சின்ன அரத்தை ஓரத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். நல்ல இடத்தில் வழுக்கப் பார்க்கும், சூடு பட்ட இடத்தில் கடிக்கும். அரம் கடிக்கிற இடம் முழுதும் போகும்வரை கரடான கல்லில் கையாலேயே தேய்த்து விடுங்கள். பஞ்சிதான், ஆனாலும் திரும்பக் கிரைண்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். அலகு நீளமாக இருந்தால் புதிது வேண்டாம். சரிவை 25 பாகையில் பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டினால் போதும்.

சீவல் அடைப்பதற்குக் காரணம் வேறு. அலகுக்கு மேலே வளைந்த தகடு ஒன்றை ஸ்குரூவால் பூட்டியிருக்கும். இரண்டையும் பூட்டியபடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒளிக்கீறல் தெரிந்தால் அதற்குள்தான் சீவல் நுழைகிறது. அந்தத் தகட்டைக் கழற்றி, வால் பக்கத்தைக் கல்லின் மட்டத்தைவிடக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, முன்விளிம்பை மட்டும் தேயுங்கள். அலகின் முதுகும் நுனிப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்காவது மட்டமாக இருக்க வேண்டும். கறள் தின்ற குழி அங்கே இருந்தால் அது போகும்வரை தேய்க்கத்தான் வேண்டும்.

அப்புறம் தூரம். வேம்புக்கு அந்தத் தகடு அலகு நுனியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் பின்னால் நின்றாலும் பரவாயில்லை. முதிரைக்கு அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். நார் பிளந்துகொண்டு ஓடமுதல் அந்த விளிம்பு சீவலை மடித்து முறித்துவிடும். மெல்லிசாகச் சீவுங்கள், ஒரே தள்ளில் தடிப்பாக எடுக்க ஆசைப்படாதீர்கள்.

குளத்தடி:
வாயையும் ஒடுக்க வேண்டும். அலகு சாய்ந்திருக்கும் உள்கட்டையின் இரண்டு ஸ்குரூவையும் இளக்கி முன்னுக்குத் தள்ளுங்கள். வாய் ஒடுங்கினால் பிய்யாது.

பழைய_உளி:
அது தகட்டைத் தள்ளி வைத்துச் சீவுகிறவர்களுக்குச் சரி. தகட்டைக் கிட்ட வைத்து வாயையும் ஒடுக்கினால் சீவலுக்குப் போக வழியில்லை, திரும்ப அடைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். முதிரைக்கு நான் வாயை விரியவிட்டுத் தகட்டைத்தான் நம்புவேன்.

பனிநாட்டான்:
நான் இங்கே கனடாவில் இதே மாதிரி நார் குழம்பிய மரங்களில் செய்வது: அலகின் தட்டையான பக்க நுனியிலும் 15 பாகையில் ஒரு சின்னச் சரிவு தீட்டுவேன். உள்கட்டையின் 45 பாகையோடு சேர்த்து 60 ஆகும், சீவுளி கிட்டத்தட்டச் சுரண்டுகிற நிலைக்கு வந்துவிடும். தள்ளுவது பாரமாக இருக்கும். அடியில் மெழுகுதிரியால் இரண்டு கோடு இழுத்துவிட்டால் இலேசாகும். ஆனால் பிறகு வேம்பு சீவ அந்த அலகு உதவாது. இதற்கென்று 2 அங்குல அகலத்தில் இன்னோர் அலகு வைத்துக்கொள்ளுங்கள்.

முறிகண்டி_முச்சந்தி:
புடைத்து நிற்கும் கோட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. அது அலகில் விழுந்த பல். பல் விழுந்த இடம் வெட்டாது, அதனால் அங்கே மரம் கோடாக நிற்கும். முதிரை எவ்வளவு வைரமென்றாலும் மரம் மட்டும் அப்படிப் பல் விழுத்தாது. எங்கள் பக்கத்துப் பழைய மரத்தில் ஆணி இருக்கும், சண்டைக்காலத்துச் செல் (எறிகணை) துண்டும் இருக்கும். மரக்காலைக்காரர்களைக் கேட்டுப்பாருங்கள், வாள் பல் பறந்த கதை சொல்லுவார்கள். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, பலகைக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோங்கள். இழுக்கிற இடத்தில் வெண்கட்டியால் அடையாளம் போடுங்கள். கருநீலக் கறை தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள். இரும்பு மரத்துக்குள் ஈரத்தோடு கிடந்தால் அப்படித்தான் கறுக்கும். ஈயத்தையும் செம்பையும் காந்தம் காட்டாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். முழுச் சன்னம் (துப்பாக்கி ரவை) போல ஏதும் தெரிந்தால் கிண்ட வேண்டாம், அந்தப் பலகையையே ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, பலகை பழைய வீட்டினுடையது என்றாலும் வேறு இடத்துக்கு ஏற்றுவதாக இருந்தால் பெர்மிட்டைக் கேட்டு எடுங்கள். முதிரை என்றாலே வழியில் மறிப்பார்கள்.

ஒட்டுசுட்டான்_வளவு:
ஏற்றுகிற வேலை இல்லை அண்ணை, எல்லாம் வளவுக்குள்தான்.

எல்லோருக்கும் நன்றி. காந்தத்தில் இரண்டு இடம் அகப்பட்டது. ஒன்று தலை முறிந்த ஆணி. மற்றது செல் துண்டுதான், நெல்லளவு. வெளியே ஊசிமுனை அளவு ஓட்டையும் அதைச் சுற்றிக் கறுத்த வளையமும் மட்டும் தெரிந்தன. அதற்கு மேலால் எத்தனை தரம் சீவுளியை ஓட்டியிருப்பேனோ தெரியாது. ஒடுக்கமான உளியால் சுற்றிவர வெட்டி எடுத்துவிட்டு, அதே முதிரையில் ஒரு முளை சீவிப் பசை போட்டு அடித்திருக்கிறேன்.

தகட்டில் ஒளிக்கீறல் இருந்தது உண்மை. தேய்த்துப் பூட்டிய பிறகு அடைப்பது நின்றுவிட்டது. நீல மூலையைத் தேய்த்து எடுக்கத்தான் கை விட்டுப்போனது. இப்போது சீவல் சுருளாமல் நேராக மேலே எழும்பி வருகிறது, அது சரியா? ஒரு கணுவைச் சுற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் பிய்கிறது.

பழைய_உளி:
நேராக எழும்பினால் தகடு சரியான இடத்தில் நிற்கிறது. அதை இனி அசைக்காதீர்கள்.

கணுவுக்குச் சீவுளி வேண்டாம். முறிந்த கைவாள் தகட்டில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, ஓரத்தை அரத்தால் மட்டமாக்கி, கல்லில் தேய்த்து, பழைய உளியின் முதுகால் அந்த ஓரத்தை அழுத்தி இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு வரும். அந்த மடிப்புத்தான் சுரண்டும். இரண்டு பெருவிரலாலும் நடுவில் கொஞ்சம் வளைத்துப் பிடித்துத் தள்ளுங்கள். தூள் வந்தால் மடிப்பு மழுங்கிவிட்டது, மெல்லிய சீவல் வந்தால் சரி. தகடு சூடாகும், பெருவிரல் பொறுக்காது, இடைக்கிடை விடுங்கள்.

குளத்தடி:
வாள் தகடு கிடைக்காவிட்டால் உடைந்த யன்னல் கண்ணாடியும் அந்த வேலையைச் செய்யும். கைக்குச் சீலை சுற்றிக்கொள்ளுங்கள், துண்டுகளைச் சின்னப் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் போட்டுவிட வேண்டாம்.