லிஸ்பன்ல மூணு ராத்திரி, நாலு பேர்: ஃபாடோவையும் சாப்பாட்டையும் எப்படிப் பொருத்தலாம்?

பயணப்பை:
நண்பர்கள் நாலு பேர் லிஸ்பன் போறோம். வெள்ளிக்கிழமை மதியம் இறங்கி, திங்கள் காலையில கிளம்பணும். ரெண்டு விஷயத்துக்காகத்தான் இந்தப் பயணமே: போர்ச்சுகலோட மரபுப் பாட்டான ஃபாடோவை நேர்ல கேட்கணும், அந்த ஊர் சாப்பாட்டை நல்லா சாப்பிடணும். ஒருத்தர் சைவம், ஆனா முட்டை, பால், சீஸ் எல்லாம் சாப்பிடுவார்.

ஃபாடோ வீட்டுல (இந்தப் பாட்டு நடக்குற சாப்பாட்டுக் கடை) சாப்பாட்டோட சேர்த்து புக் பண்றதா, இல்ல வெளியில சாப்பிட்டுட்டுப் பாட்டுக்கு மட்டும் போறதா? எந்த ராத்திரி போனா நல்லது? பில்லுல எதைக் கவனிக்கணும்? சைவக்காரர் ரொட்டியைத் தின்னுட்டுத்தான் வரணும்னு நிறைய பேர் சொல்றாங்க. உண்மையா?

பன்னிரண்டு நரம்பு:
எந்த இரவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஞாயிறு இரவு பல ஃபாடோ வீடுகளுக்கு விடுமுறை. வெள்ளி இரவு உங்களுக்குப் பயணக் களைப்பு இருக்கும். பாட்டு தொடங்கியதும் விளக்கைத் தணித்துவிடுவார்கள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அசையாமல் உட்கார வேண்டும். விமானத்தில் தூங்காதவர் இரண்டாவது பாட்டிலேயே கண்ணயர்ந்துவிடுவார். ஆகவே சனிக்கிழமைதான். எல்லோரும் தேடுகிற நாளும் அதுவே என்பதால் இரண்டு மூன்று வாரம் முன்பே புக் செய்துவிடுங்கள். வெள்ளியன்றே ஏதாவது கேட்டாக வேண்டும் என்றால், ஷியாது பக்கம் மாலை ஏழு மணி வாக்கில் சாப்பாடு இல்லாமல் ஒரு மணி நேரக் கச்சேரியாக நடப்பது உண்டு. முடிந்ததும் தூங்கப் போய்விடலாம்.

சாப்பாட்டோடு போனால் இரவு நடக்கும் விதம் இது. எட்டு மணிக்கு மேசை. ஒன்பது வாக்கில் முதல் சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று, நான்கு பாட்டு, 15 முதல் 20 நிமிடம். பிறகு ஏறக்குறைய அதே அளவு இடைவெளி, அடுத்த சுற்றில் வேறு பாடகர். பரிமாறுவதெல்லாம் இடைவெளியில் மட்டும்தான். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். தாமதமாக ஆர்டர் கொடுத்தால், தட்டு வந்து சேரும் நேரத்தில் விளக்கு தணியும், சாப்பாடு ஆறிப்போகும். உட்கார்ந்த உடனே நால்வரும் ஒரே நேரத்தில் முழு ஆர்டரையும் சொல்லிவிடுங்கள். முழு மீன் வேண்டாம். இருட்டில் முள் எடுக்க முடியாது. சோற்றோடு குழம்பு மாதிரி வரும் வகைகள் சூட்டையும் பிடித்து வைத்திருக்கும், கரண்டியால் சத்தமில்லாமல் சாப்பிடவும் வரும்.

சத்தம் கூடாது என்பதை வெறும் மரியாதை என்று நினைக்காதீர்கள். சின்ன அறை, பெரும்பாலும் மைக் கிடையாது. பாடகர் ஒரு சொல்லை இழுப்பார், சட்டென்று நிறுத்துவார். போர்ச்சுகீசிய கிட்டார்க்காரர் அதைக் காதால் பிடித்து, அந்த நிறுத்தத்துக்குள் பதில் வாசிப்பார். அந்தக் கிட்டாரில் இரண்டிரண்டாக ஆறு ஜோடி, மொத்தம் 12 எஃகு நரம்பு. தலைப்பகுதியில் விசிறி விரித்தது போலச் சுருதித் திருகுகள். பக்கத்தில் தாளம் பிடிக்கும் சாதாரண கிட்டாரை அங்கே வியோலா என்பார்கள். அந்த ஒரு நொடி நிறுத்தத்தில் முள்கரண்டி தட்டில் இடித்தால் அறை முழுக்கக் கேட்கும். புக் செய்யும்போதே, சமையலறைக் கதவுக்கும் தூணுக்கும் தள்ளி இடம் கேளுங்கள்.

உப்பு காரம்:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா சாப்பாட்டோட புக் பண்றதுல எனக்கு உடன்பாடு இல்லை. அங்க வாங்குற காசுல பெரும்பங்கு பாட்டுக்குத்தான் போகுது, போகவும் வேணும். ஆனா அதே காசுக்குச் சாப்பாடும் பிரமாதமா இருக்கும்னு எதிர்பார்த்தா ஏமாற்றம்தான். நல்ல சாப்பாடு மதியம், 'தாஸ்கா'ங்கிற சின்ன உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில. கரும்பலகையில 'பிராட்டு து தியா'ன்னு அன்றைய உணவு எழுதியிருக்கும், அதைக் கேளுங்க. பன்னிரண்டரைக்கே போயிடுங்க; ரெண்டு மணிக்கு மேல நல்ல வகை தீர்ந்திருக்கும். நிறைய தாஸ்கா ஞாயிறு மூடியிருக்கும், அதனால இதுக்கும் சனிக்கிழமைதான்.

அளவு ரெண்டு விதம். 'தோஸ்'னா முழு அளவு, ரெண்டு பேருக்குத் தாராளமா வரும். 'மேயா தோஸ்' அரை அளவு, ஒருத்தருக்குப் போதும். நாலு பேர் நாலு முழு தோஸ் சொன்னா பாதி மிஞ்சும். மெனுவுல மீன், இறால், நண்டு கிலோ விலையில போட்டிருந்தா, சமைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க.

கேட்காமலே மேசைக்கு வர்ற ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் 'கூவேர்'. இலவசம் கிடையாது. ஆனா நீங்க கேட்காம வந்து, தொடாமலும் விட்டதுக்குக் காசு வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. வேண்டாம்னா வச்ச உடனே எடுத்துக்கச் சொல்லிடுங்க. பில்லுல தகராறு வந்தா புகார்ப் புத்தகத்தைக் கேளுங்க, அதை வச்சிருக்கிறது கட்டாயம். பெரும்பாலும் கேட்ட உடனேயே பில் சரியாயிடும்.

சைவக்காரர் பயப்பட வேண்டாம். 'பெய்ஷீன்யுஷ் த ஓர்த்தா'ன்னு ஒண்ணு இருக்கு. 'தோட்டத்து மீன்குஞ்சு'ன்னு அர்த்தம், ஆனா மீனே கிடையாது. பச்சை பீன்ஸை மாவுல தோய்ச்சு பொரிச்சது, நம்ம பஜ்ஜிக்கு உறவு மாதிரி. 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் கொண்டுபோய்த்தான் ஜப்பான்ல டெம்புரா வந்ததுன்னு சொல்வாங்க. தக்காளி சோறு, பீன்ஸ் சோறு பக்கத் தட்டா கிடைக்கும். பீன்ஸ் சோத்துல மட்டும் இறைச்சி சேர்ந்திருக்கான்னு கேட்டுக்கோங்க. அசெய்த்தாவ் சீஸைக் கண்டிப்பா எடுங்க. செம்மறியாட்டுப் பாலை ஒரு முள்செடிப் பூவால உறைய வைக்கிறாங்க, விலங்கு வயித்து உறை கிடையாது. மேல்பக்கத்தை வட்டமா வெட்டித் திறந்தா உள்ள கரண்டியால அள்ளுற பதத்துல இருக்கும்.

ஏமாத்துறது 'கல்து வேர்து' சூப்தான். பார்க்க உருளைக்கிழங்கும் கீரையும், மேல ஒரு துண்டு ஷொரீசு (பன்றி இறைச்சி சாசேஜ்). அந்தத் துண்டை எடுத்துட்டா சைவம் ஆகாது, நிறைய இடத்துல அதைப் போட்டேதான் சூப்பைக் கொதிக்க விடுவாங்க. 'இறைச்சி வேண்டாம்'னு மட்டும் சொன்னா மீன் வந்து நிக்கும். 'சேங் கார்னி, சேங் பெய்ஷி' (இறைச்சியும் இல்லாம, மீனும் இல்லாம)ன்னு ரெண்டையும் சேர்த்தே சொல்லணும்.

ராத்திரிக்கு என் யோசனை: எட்டு மணிக்கு வெளியில சாப்பிட்டுட்டு, பத்தரைக்கு மேல ஃபாடோ வீட்டுக்குப் போங்க. அந்த நேரத்துல குடிக்க மட்டும் வர்றவங்களை நிறைய வீடுகள் சேர்த்துக்கும். ஆளுக்கு இவ்வளவாவது செலவு பண்ணணும்னு 'கொன்சூமு மீனிமு' இருக்கும், தொகையை வாசல்லயே கேட்டுட்டு நுழையுங்க. சுற்றுலாக் குழுக்கள் கிளம்பின பிறகு பாட்டு இன்னும் நல்லா இருக்கும்.

நடைபாதை:
போக்குவரத்து மட்டும் சொல்கிறேன். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ சிவப்புத் தடம். அலமேதாவில் பச்சைக்கு மாறினால் ரோஸியு, பைஷா-ஷியாது வரை வரலாம். அல்ஃபாமா பக்கம் தங்கினால் பைஷா-ஷியாதுவில் நீலத்துக்கு மாறி சான்டா அப்போலோனியாவில் இறங்குங்கள். பயண அட்டை ஆளுக்கு ஒன்று, அட்டைக்கு மட்டும் அரை யூரோ. ஒரே அட்டையை நான்கு பேர் தட்டிக்கொண்டு போக முடியாது. மெட்ரோ இரவு ஒரு மணியோடு நின்றுவிடும். பத்தரைக்குப் பாட்டுக்குப் போகிறவர்கள் திரும்புவதற்கு டாக்ஸிக் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தங்குமிடத்தில் நகர வரி தனி. 2024 செப்டம்பரிலிருந்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. உங்கள் நால்வருக்கு மூன்று இரவும் சேர்த்து 48.

சின்ன தாஸ்காக்களில் வெளிநாட்டு கார்டு ஓடாத இடங்கள் உண்டு, ரொக்கம் வேண்டும். மல்டிபாங்கோ ஏடிஎம்மில் ஒரு தடவைக்கு 200 யூரோ வரை வரும். எந்த இயந்திரமாவது 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் உங்களுக்கு நஷ்டம்.

தெருவெல்லாம் வழுவழுப்பான சுண்ணாம்புக்கல் பதித்தது, மேடும் பள்ளமும். மழைத்தூறலில் சறுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். 28ஆம் எண் டிராமில் ஏறினால் பிக்பாக்கெட் பயம் உண்டு, பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

பயணப்பை:
ரொம்ப நன்றி. பத்தரைக்கு மேல போற யோசனை பிடிச்சிருக்கு. ஆனா நாலு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைக்குமா? சனிக்கிழமை பகல்ல என்ன பண்ணினா ராத்திரிக்கு உதவும்?

பன்னிரண்டு நரம்பு:
சேர்ந்து கிடைப்பது சந்தேகம்தான். இரண்டிரண்டாகப் பிரிந்து உட்காரச் சம்மதம் என்றால் போங்கள். அன்று மாலை ஆறு மணி வாக்கில் தொலைபேசியில் கேட்டு, இரண்டாம் பாதிக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டின் நடுவே உள்ளே விடமாட்டார்கள். சுற்று முடியும்வரை வாசலில் நிற்க வேண்டும். நால்வரும் ஒரே மேசையில்தான் என்றால், உப்பு காரம் கோபித்தாலும் சரி, சாப்பாட்டோடு புக் செய்வதே வழி. அப்படியானால் சைவத்தை அன்று போய்ச் சொல்லாமல் புக் செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

பகலுக்கு: காலையில் சான்டா கிளாரா திடலில் ஃபெய்ரா த லாத்ரா பழம்பொருள் சந்தை, செவ்வாயும் சனியும் மட்டும். அங்கிருந்து இறங்கினால் அல்ஃபாமா. மதியம் தாஸ்கா, பிறகு ஃபாடோ அருங்காட்சியகம். அங்கே பழைய பாடகர்களின் பதிவுகளைக் கேட்கலாம். மரபு ஃபாடோவில் மெட்டுகள் ஏற்கெனவே இருப்பவை, பாடகர் தனக்குப் பிடித்த கவிதையை அந்த மெட்டில் வைத்துப் பாடுவார். மெனோர், கொரீது, மௌராரியா மூன்றும் அடிப்படை. மெனோர் மெதுவாக, சோகமாக வரும், கொரீது வேகம். இந்த மூன்றையும் பகலில் காதில் வாங்கிக்கொண்டால், இரவில் ஒரே மெட்டு வேறு பாடகரிடம் வேறு சொற்களோடு வரும்போது அடையாளம் தெரியும். மொழி தெரியாதவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

கைதட்டுவது கடைசி சொல் முடிந்த பிறகு. சில பாட்டுகளில் கடைசி வரியைத் திரும்பப் பாடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் தட்டும்வரை பொறுங்கள்.