சாச்சுரேஷனில் மிச்ச பேஸ் கரண்ட் எங்கே போகிறது?

பிரெட்போர்டு_பயல் கேட்டது:

வணக்கம். ஆர்டுயினோவிலிருந்து ஒரு 12 வோல்ட் ரிலேயை ஓட்டுகிறேன். டிரான்சிஸ்டர் பிசி547பி, எமிட்டர் கிரவுண்டில். காயில் 400 ஓம், குறுக்கே 4007 டயோடு. பேஸுக்கு 1 கிலோ ஓம். ரிலே ஒழுங்காகத்தான் அடிக்கிறது, சந்தேகம் வேறு.

பேஸில் 4.2 மில்லி ஆம்பியர், கலெக்டரில் 29.7. மீட்டரின் எச்எஃப்இ சாக்கெட்டில் (பீட்டா, அதாவது பேஸ் கரண்ட்டைப் போல் கலெக்டர் கரண்ட் எத்தனை மடங்கு என்பது) இதே டிரான்சிஸ்டருக்கு 290 காட்டுகிறது. பெருக்கினால் 1.2 ஆம்பியர் வர வேண்டும். காயில் அவ்வளவு விடாது, டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்து சாச்சுரேஷனில் நிற்கிறது, அது புரிகிறது. ஆனால் 30 மில்லி ஆம்பியருக்கு பேஸில் 0.1 போதுமே. நான் தள்ளுகிற மீதி 4.1 எங்கே போகிறது? பீட்டா கணக்கு இங்கே பொய்த்தால், எமிட்டர் கரண்ட் என்பது பேஸும் கலெக்டரும் சேர்ந்தது என்கிற கணக்கும் பொய்த்துவிடுமா?

ஓம்ஸ்_லா:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பொய்க்காது. உள்ளே போவது வெளியே வந்தாக வேண்டும், அது கிர்க்காஃப். எமிட்டர் காலில் மீட்டரை வையுங்கள், 33.9 காட்டும். பீட்டா அந்த மாதிரி விதி இல்லை, ஆக்டிவ் நிலையில் (சாச்சுரேஷனுக்குப் போகாமல் பெருக்கும் நிலை) மட்டும் செல்லுபடியாகும் ஒரு விகிதம், அவ்வளவுதான்.

பழைய_லைன்_அவுட்புட்:

தம்பி, மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி எமிட்டரைப் பொதுவாக வைத்துப் பாருங்கள். பேஸில் சுமார் 0.75 வோல்ட் இருக்கும், கலெக்டரில் 0.1கூட இருக்காது. அதாவது கலெக்டரை விட பேஸ் மேலே நிற்கிறது. பி-வகை பேஸ் மேலே, என்-வகை கலெக்டர் கீழே என்றால் அந்த ஜங்ஷனும் ஃபார்வர்டு பயாஸ்தானே, அதாவது கரண்ட் விடும் திசைதானே? ஆக்டிவ் நிலையில் அது ரிவர்ஸில் இருந்து எலக்ட்ரான்களை அள்ளிக்கொண்டிருந்தது. இப்போது அதுவே பேஸுக்குள் எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொட்டுகிறது, பேஸிலிருந்து துளைகளையும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்) வாங்கிக்கொள்கிறது. உங்கள் மீதி கரண்ட்டுக்கு வழி அதுதான்.

ஈபர்ஸும் மோலும் 1954-இல் கொடுத்த டிரான்சிஸ்டர் மாடலில் உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். தலைகீழ் பீட்டா (கலெக்டரையும் எமிட்டரையும் இடம் மாற்றினால் வரும் பீட்டா) 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். எமிட்டரிலிருந்து கலெக்டர் பக்கம் போகும் எலக்ட்ரான் ஓட்டம் சுமார் 50 மில்லி ஆம்பியர் அளவு. கலெக்டரிலிருந்து திரும்பி வருவது 16. பேஸ் கரண்ட்டில் எமிட்டர் ஜங்ஷனுக்குச் செலவாவது 0.17தான், பாக்கி 4 மில்லி ஆம்பியரும் கலெக்டர் ஜங்ஷன் வழியாகப் போகிறது. 50-இல் 16-ஐயும் 4-ஐயும் கழியுங்கள், உங்கள் 29.7 வந்து நிற்கும். கலெக்டர் காலில் வெளியே தெரிவது அந்த நிகரம்தான், அதை நிர்ணயிப்பது காயில். கண்டக்டர் எத்தனை விசில் ஊதினாலும் பஸ்ஸில் இருக்கிற ஆள்தானே இறங்க முடியும்!

தலைகீழ் பீட்டாவை நீங்களே பார்க்கலாம். எச்எஃப்இ சாக்கெட்டில் கலெக்டர் காலையும் எமிட்டர் காலையும் இடம் மாற்றிச் செருகுங்கள். எண் சட்டென்று விழும். எமிட்டரில் டோப்பிங் (சிலிக்கானில் சேர்க்கும் கலப்பு) மிக அதிகம், கலெக்டரில் குறைவு. அதனால் கலெக்டரை எமிட்டராக வேலை வாங்கினால் சோம்பேறி.

பிரெட்போர்டு_பயல்:

செருகிப் பார்த்தேன் ஐயா, 7 வந்தது! கலெக்டர் வோல்ட்டேஜ் 62 மில்லி வோல்ட். சரி, இப்படி அளவுக்கு மேல் தள்ளுவதால் கெடுதல் உண்டா?

பழைய_லைன்_அவுட்புட்:

7 என்றால் நான் சொன்ன 50, 16 கொஞ்சம் ஏறும், கதை அதேதான். அந்த 62-இல் ஜங்ஷன்களின் பங்கு 20 போலத்தான் இருக்கும். மிச்சம் கலெக்டர் சிலிக்கானின் சொந்த மின்தடை.

ரிலேக்கு ஒரு கெடுதலும் இல்லை. வேகமாக அணைக்க வேண்டிய இடத்தில்தான் வம்பு. இரண்டு ஜங்ஷனும் திறந்திருக்கும்போது பேஸிலும் கலெக்டரிலும் சார்ஜ் தேங்கி நிற்கும். பேஸை பூஜ்யத்துக்கு இழுத்தாலும் அது வடியும் வரை கலெக்டர் கீழேயே கிடக்கும். ஸ்கோப்பில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பேஸ் விழுந்த பிறகும் கலெக்டர் அசையாமல் படுத்திருப்பது தெளிவாகத் தெரியும். ஸ்டோரேஜ் டைம் என்பது இதுதான். 2என்3904 டிரான்சிஸ்டருக்கு டேட்டாஷீட் சொல்வது அதிகபட்சம் 200 நேனோ செகண்ட். அதுவும் கலெக்டர் 10, பேஸ் 1 மில்லி ஆம்பியர் என்ற கணக்கில், அணைக்கும்போது பேஸிலிருந்து 1 மில்லி ஆம்பியர் உறிஞ்சினால்.

படக்குழாய் டிவி பழுது பார்த்துக் காலம் தள்ளியவன் நான். லைன் அவுட்புட்டில் (திரையில் கோடுகளை இழுக்கும் பகுதி) பியு508 டிரான்சிஸ்டர் உட்காரும். கலெக்டரில் நாலரை ஆம்பியருக்கு பேஸில் ஒன்றரை, இரண்டு ஆம்பியர் கேட்கும் ஜென்மம் அது, ஸ்டோரேஜ் டைம் மைக்ரோ செகண்ட் கணக்கில். ஒரு கோட்டுக்கு மொத்தமே 64 மைக்ரோ செகண்ட். டிரைவ் குறைந்தால் சாச்சுரேஷனுக்கே போகாமல் சுடும், கூடினால் அணையத் தாமதித்துச் சுடும். அவுட்புட் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றி, டிரைவர் பக்கத்து வீங்கிய கெப்பாசிட்டரை அப்படியே விட்டு அனுப்பிய எத்தனையோ செட்டுகள் என்னிடம் திரும்ப வந்திருக்கின்றன, எல்லாம் வேறு கடைகளில் பார்த்தவை.

ஓம்ஸ்_லா:

வேகம் வேண்டுமென்றால் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் ஷாட்கி டயோடு (குறைந்த வோல்ட்டேஜிலேயே திறக்கும் வகை) போடலாம், ஆனோடு பேஸ் பக்கம். மிச்ச கரண்ட் டயோடு வழியாகக் கலெக்டருக்குப் போய்விடும், சார்ஜ் தேங்காது. 74எல்எஸ் லாஜிக் ஐசிக்களுக்குள் இருக்கும் வித்தை இதேதான்.

உங்கள் ரிலேக்கு 2.7 கிலோ ஓமே தாராளம். பேஸில் ஒன்றரை மில்லி ஆம்பியர் வரும், கலெக்டரில் இருபதுக்கு பேஸில் ஒன்று. பிசி547 டேட்டாஷீட்டில் சாச்சுரேஷன் வோல்ட்டேஜ் அளப்பதும் அதே விகிதத்தில்தான்.

பிரெட்போர்டு_பயல்:

2.7 போட்டாச்சு. கலெக்டர் 62-இலிருந்து 79 மில்லி வோல்ட்டுக்கு ஏறியது, காயில் கரண்ட்டில் மாற்றமே தெரியவில்லை. அடுத்து இதே டிரான்சிஸ்டரில் 20 கிலோ ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) கொடுத்து எல்இடி பட்டை ஓட்டப் போகிறேன். ஷாட்கிக்கு 1என்5819 வீட்டில் இருக்கிறது, அது ஆகுமா?

ஓம்ஸ்_லா:

அது 1 ஆம்பியர் டயோடு, கெப்பாசிட்டன்ஸ் அதிகம். பேட்85 மாதிரி சின்னதாகப் பாருங்கள். 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு முதலில் டயோடு இல்லாமலே ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் பட்டை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் பிசி547 வேண்டாம்.