குளுவோன் கணக்கு இடிக்குது, யாராவது பாருங்க

அண்ணாமார் அக்காமார், நான் பேராதனை கம்பஸ் பிசிக்ஸ், இப்ப லீவுக்கு கொட்டகலை வீட்ல. ப்ராஜெக்ட்டுக்கு ஜெர்மனில இருந்த துகள் மோதவிடுற ஹேரா மெஷின்ல 27.5 ஜீஇவி (துகள் சக்திக்கான அலகு) எலக்ட்ரானையும் 920 ஜீஇவி புரோட்டானையும் மோதவிட்ட டேட்டாவ, எச்1, ஸீயஸ்னு அங்க இருந்த ரெண்டு டிடெக்டரோடதையும் சேர்த்து 2015ல வந்த தொகுப்ப, எடுத்து எஃப்2 (புரோட்டானுக்குள்ள குவார்க் எப்படி இருக்குன்னு காட்டுற அளவு) க்யூ ஸ்கொயரோட (எலக்ட்ரான் எவ்வளவு பலமா இடிக்குதுன்னு காட்டுற அளவு) லாக்குக்கு எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பார்த்து அதுலருந்து குளுவோன் (குவார்க்குகள ஒட்டி வைக்கிற துகள்) அளவ எடுக்குறேன். எக்ஸ் (புரோட்டானோட உந்தத்துல உள்ள துகளோட பங்கு) 0.001, க்யூ ஸ்கொயர் 10 ஜீஇவி ஸ்கொயர் கிட்ட, பேப்பர்ல உள்ளதவிட 20 சதவீதம் குறைவா வருது, ரெண்டு கிழமையா இதே தான்.

லாக் 10 போட்டுட்டேனோன்னு பார்த்தேன், இல்ல, இயற்கை லாக் தான். ஆல்ஃபா எஸ்ஸ (வலு விசையோட பலத்த காட்டுற எண்) அந்த க்யூவுக்கே மாத்திட்டேன். எஃப்எல் (எஃப்2வோட சேர்ந்து வர்ற இன்னொரு அளவு) தொந்தரவு வேணாம்னு ஒய் (எலக்ட்ரான் இழக்குற சக்தியோட பங்கு) கூடின பாயிண்ட் எல்லாம் தூக்கிட்டேன். (மழைக்கு சிக்னல் வேற போய் போய் வருது.)

எஃப்2 சாய்வ எக்ஸ்ல எடுத்தா, வர்ற குளுவோன் அதே எக்ஸுக்கா, 2எக்ஸுக்கா?