கனடாவின் ஸ்காபுறோவில் உள்ளே எடுத்து வைத்த கறிவேப்பிலை இலை உதிர்க்கிறது: காப்பாற்ற வழி உண்டா?

கேள்வி – ஸ்காபுறோவிலிருந்து, ஜனவரி 14

வணக்கம். ஆறு ஆண்டுகளாக நான் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி மூன்று வாரங்களாக இலை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. பிரம்டனில் இருந்த என் மாமி தம் செடியின் அடியில் முளைத்த வேர்க்கன்றைப் பிரித்துத் தந்தது இது. மாமியும் இப்போது இல்லை, அவருடைய தாய்ச்செடியும் இல்லை. ஆகவே இதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

செடி நான்கு அடி உயரம். சாடி 12 அங்குல அகலம். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே எடுத்து, சமையலறைப் பின்கதவுக்கு அருகே ரைல்ஸ் தரையில் வைத்தேன். டிசம்பர் நடுப்பகுதி வரை நன்றாகவே இருந்தது. பின்னர் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே விழத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊற்றி வருகிறேன். சாடியைச் சுற்றியுள்ள தரை பிசுபிசுக்கிறது. துடைத்தாலும் இரண்டொரு நாளில் மீண்டும் அப்படியே ஆகிவிடுகிறது. உரம் இட வேண்டுமா, பெரிய சாடிக்கு மாற்ற வேண்டுமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – மார்க்கம் நகரிலிருந்து

அன்புச் சகோதரிக்கு, இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். டிசம்பர் இறுதியில் ரொறன்ரோவில் பகற்பொழுது ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பழகிய மரம் இங்கே குளிர்காலத்தில் வளராது. வளராத செடி தண்ணீரையும் உரத்தையும் எடுத்துக்கொள்ளாது. எடுக்காத தண்ணீர் சாடியிலேயே தங்கி வேரை அழுக வைக்கும். பின்கதவுக்கு அருகே தரை சில்லென்று இருக்கும் என்பதால், இலைகள் அறையின் சூட்டிலும் வேர் குளிர்ந்த ஈரத்திலுமாகச் செடி துன்பப்படுகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் தரைப் பிசுபிசுப்புக்கு இது காரணமாகாது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தையும் இலையின் அடிப்புற நடுநரம்பையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கபில நிறத்தில் சிறு மேடுகள் ஒட்டியிருந்து, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்தால் அவை செதில் பூச்சிகள். சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைத் துளித்துளியாக வெளியேற்றுபவை. ஒரு வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டியும் பாருங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப் பேனும் இருக்கிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு ஈரத்தை அறியுங்கள். கடைசியாக, அடித்தண்டில் நகத்தால் மெல்லச் சுரண்டி, தோலுக்குக் கீழே பச்சை தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் – ஜனவரி 15

மிக்க நன்றி. தாளில் எதுவும் நகரவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கபில மேடுகள் தண்டு முழுவதும் உள்ளன. நான் இத்தனை நாளும் அவற்றைத் தண்டின் கணுக்கள் என்றே எண்ணியிருந்தேன். மண் ஈரமாக, சற்றுப் புளித்த வாடையுடன் இருக்கிறது. அடித்தண்டில் பச்சை தெரிகிறது; மேலே இரண்டு கிளைகள் மட்டும் காய்ந்து கபிலமாகிவிட்டன.

பதில் – ஒட்டாவாவிலிருந்து

பச்சை இருக்கிறதென்றால் கவலை வேண்டாம், அக்கா. நான் மதுரைக்காரன், எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையை ஒவ்வொரு நவம்பரிலும் அடித்தள அறையில், ஏறத்தாழ 12 பாகை வெப்பநிலையில் வைத்துவிடுவேன். இலை எல்லாம் கொட்டிவிடும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் ஊற்றுவேன். ஏப்ரலில் ஜன்னலுக்குக் கொண்டுவந்தால் துளிர்த்துவிடும். நீங்களும் அப்படியே தூங்க விட்டுவிடலாம்.

பதில் – மார்க்கத்திலிருந்து

ஒட்டாவா நண்பர் சொல்வது சரியான முறைதான். ஆனால் ஈர மண்ணோடு இந்தச் செடியை இப்போது குளிர்ந்த அறைக்கு இறக்கினால் வேர் மிஞ்சாது. அவர் செடி உலர்ந்த மண்ணோடு உறங்கப் போகிறது, இது நனைந்திருக்கிறது. குளிர்காலத்தைக் கடத்த இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று, குளிரும் இருளும் உலர்ந்த மண்ணுமாக உறங்க விடுவது, மற்றொன்று, சூடும் வெளிச்சமும் கொடுத்து விழித்திருக்க வைப்பது. சூடான அறையில் போதிய வெளிச்சமின்றி, நிறையத் தண்ணீரோடு வைப்பதுதான் நம்மவர்களில் பலர் செய்வது. பெரும்பாலான செடிகள் இப்படித்தான் சாகின்றன. உங்கள் செடிக்கு இந்த ஆண்டு இரண்டாவது வழியே பொருந்தும்.

சாடியைத் தரையிலிருந்து ஒரு பலகைமேல் உயர்த்தி, தெற்கு நோக்கிய யன்னலுக்கு மாற்றுங்கள். எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்கு ஒன்றைச் செடிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டு, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடுங்கள். மேல்மண் இரண்டு அங்குலம் உலரும் வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

பூச்சி விடயத்தில் பொறுமை வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு மேடாகத் துடைத்தெடுங்கள். பிறகு, தோட்டக் கடையில் விற்கும் பூச்சிகொல்லிச் சோப்புக் கரைசலை இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு இலையைக் கருக்கிவிடக்கூடும், அதைத் தவிருங்கள். வளர்ந்த பூச்சியை அதன் ஓடு காப்பாற்றும். ஓட்டின் கீழிருந்து வெளிவரும் குஞ்சுகளைத்தான் சோப்பு கொல்லும். ஆகவே வாரம் ஒரு முறை வீதம் ஐந்தாறு வாரங்களாவது தொடர வேண்டும். நாம் உண்ணும் இலை என்பதால், செடிக்குள் ஊடுருவும் மருந்து எதையும் மண்ணில் இடாதீர்கள்.

கேள்வி கேட்டவர் – மார்ச் 22

பிந்தி எழுதுவதற்கு மன்னிக்கவும். பெப்ரவரி நடுப்பகுதிக்குள் கடைசி இலையும் விழுந்து வெறும் குச்சியாக நின்றது. அந்த நாட்களில் பலமுறை தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்து, உங்கள் எச்சரிக்கையை நினைத்துத் திரும்ப வைத்தேன். ஆறு முறை துடைத்துத் தெளித்தபின் தரையில் பிசுபிசுப்பு இல்லை. போன வாரம் காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டினேன். இன்று காலை கீழ்க்கணுக்கள் மூன்றில் செந்நிறம் கலந்த துளிர்கள் தெரிகின்றன. எப்போது வெளியே வைக்கலாம்?

பதில் – மார்க்கத்திலிருந்து

மனம் நிறைந்தது. துளிர் இரண்டு அங்குலம் நீண்டதும், பொதியில் சொன்ன அளவின் பாதியாகக் கரைத்து உரம் கொடுங்கள். சாடி மாற்றுவதானால் அப்போது மாற்றலாம். மே மாதத்தில் ஒரு சூடான நாளைக் கண்டு அவசரப்படாதீர்கள். இரவுகள் தொடர்ந்து 12 பாகைக்கு மேல் இருக்கத் தொடங்கிய பின், முதல் வாரம் நிழலிலும், அடுத்த வாரம் காலை வெயிலிலும், அதன் பிறகே முழு வெயிலிலும் வையுங்கள். கோடையில் அடியில் வேர்க்கன்று முளைத்தால் வேரோடு பிரித்து வேறொரு சாடியில் நட்டு, ஒன்றை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுத்து வையுங்கள். உங்கள் மாமியின் செடி ஒரே யன்னலை நம்பி இருக்க வேண்டியதில்லை.