செயின்ட் ஜான்ஸ் நகருக்குப் புதிதாக வருகிறீர்களா? முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கேள்வி

வணக்கம். ஜூலை கடைசியில் குடும்பத்தோடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, செயின்ட் ஜான்ஸ் வருகிறோம். மனைவிக்கு மெமோரியல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு. மகனுக்கு ஏழு வயது. கார் வாங்க ஆறேழு மாதமாவது ஆகும். படங்களில் வரும் கலர் வீடுகள், துறைமுகம், சிக்னல் ஹில் எல்லாம் கார் இல்லாமல் பார்த்துவிட முடியுமா? மேடு அதிகம் என்கிறார்கள். எங்கே தொடங்குவது, புதிதாக வருபவர்கள் எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

தாராளமாகப் பார்க்கலாம். ஊரின் அழகான பகுதி முழுக்க நடக்கிற தூரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் கிளம்புவதற்கு முன் டிக்கெட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான் என்று வேறொரு ஊர் இருக்கிறது. நீங்கள் வரவேண்டியது கடைசியில் 'ஸ்' உள்ள செயின்ட் ஜான்ஸ். விமான நிலையக் குறியீடு ஒய்.ஒய்.டி. என்று இருக்க வேண்டும், ஒய்.எஸ்.ஜே. என்று இருந்தால் அது அந்த இன்னொரு ஊர், நடுவில் கடலே இருக்கிறது. வங்கிக்கும் கூரியருக்கும் முகவரி கொடுக்கும்போதும் மாகாணத்தின் பெயரை விடாமல் எழுதுங்கள்.

கைக்கடிகாரம் வேறு யாரோடும் ஒத்துப்போகாது. டொராண்டோவை விட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். ஊரில் அம்மா அப்பாவுக்கு போன் பண்ணுவதற்கு மட்டும் இது வசதி: இந்திய நேரத்தோடு கோடையில் சரியாக 8 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் சரியாக 9. அரை மணிக் கணக்கே வராது.

இனி ஊரின் அமைப்பு. துறைமுகத்தை ஒட்டி ஹார்பர் டிரைவ். அதற்கு மேல் வாட்டர் ஸ்ட்ரீட், அதற்கும் மேல் டக்வொர்த் ஸ்ட்ரீட், பிறகு கோவர் ஸ்ட்ரீட், அதற்கப்புறம் மிலிட்டரி ரோடு. கொலுப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. இந்தத் தெருக்களில் நீளவாக்கில் நடந்தால் கிட்டத்தட்ட சமதரை. ஒரு தெருவிலிருந்து மேல் தெருவுக்கு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். பிரெஸ்காட், விக்டோரியா, ஹாலோவே, காக்ரேன் எல்லாம் அப்படி ஏறுகிற தெருக்கள். காரிசன் ஹில் இன்னும் செங்குத்து.

புதிதாக வருகிறவர்கள் போனில் மேப் போட்டு, மிகக் குறைந்த தூரம் காட்டுகிற வழியில் போவார்கள். மேப் தூரத்தைச் சொல்லும், ஏற்றத்தைச் சொல்லாது. கையில் மளிகைப் பையோடு பிரெஸ்காட் ஏறுவதை விட, வாட்டர் ஸ்ட்ரீட்டில் நாலு கட்டிடம் தள்ளி நடந்து, நீதிமன்றத்துக்குப் பக்கத்திலுள்ள படிக்கட்டில் டக்வொர்த்துக்கு ஏறுவது மேல். மெக்மர்டோஸ் லேன், சாலமன்ஸ் லேன் என்று இன்னும் சில சந்துகளும் இதேபோல் இரண்டு தெருக்களை இணைக்கின்றன. வழி தவறினால் பயப்பட வேண்டாம்: இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் துறைமுகம். ஏற்றத்தின் உச்சியில் இரட்டைக் கோபுரம் தெரிந்தால் அது 1855-இல் கட்டி முடித்த பசிலிக்கா. அதன் பக்கத்தில் பெரிய பெரிய பெட்டிகளை அடுக்கிய மாதிரி நிற்பது தி ரூம்ஸ், மாகாண அருங்காட்சியகம். இந்த இரண்டும் கண்ணில் பட்டால் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

கலர் வீடுகளை 'ஜெல்லிபீன் ரோ' என்பார்கள். அந்தப் பெயரில் ஒரு தெரு கிடையாது, தேடி அலையாதீர்கள். ஹாலோவே, விக்டோரியா, கோவர் என்று பழைய நகரம் முழுக்க அந்த வீடுகள்தான். மீனவர்கள் மூடுபனியில் தங்கள் வீட்டை அடையாளம் காண அடித்த நிறம் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்வார்கள். நம்பாதீர்கள். 1892 ஜூலையில் ஊரின் பெரும்பகுதி தீயில் எரிந்து, அதற்குப் பிறகு வரிசையாகக் கட்டிய மரவீடுகள் இவை. இந்தப் பளிச் நிறங்கள் 1970-களின் கடைசியில்தான் வந்தன. நலிந்துபோன பழைய நகரத்தைத் தூக்கி நிறுத்தும் முயற்சியில் பூசியவை. கதவைத் திறந்தால் நேராக நடைபாதை, திண்ணையோ முற்றமோ இல்லை. அதனால் வீட்டுப் படியில் உட்கார்ந்து படம் எடுப்பது அடுத்தவர் வீட்டுக்குள் உட்காருவதற்குச் சமம். எதிர்ச்சாரியில் நின்று எடுங்கள். ஹாலோவேயின் மேல்முனையில் நின்று கீழே பார்த்தால் வீடுகளும் துறைமுகமும் ஒரே படத்தில் வந்துவிடும்.

பதில் 2

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது மேப் இல்லை, காற்றின் திசை. வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஏமாறுவீர்கள்.

கரையை ஒட்டி லாப்ரடார் நீரோட்டம் போகிறது, பனிக்கட்டித் தண்ணீர். தெற்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன் மேல் படும்போது மூடுபனி உண்டாகிறது. காற்று வடகிழக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ அடித்தால் அந்த மூடுபனியும் தூறலும் நேராக ஊருக்குள் வரும். தென்மேற்கு, மேற்குக் காற்றென்றால் நிலத்தைக் கடந்து வருவதால் வானம் வெளுக்கும், வெயிலும் இருக்கும். ஆகவே வானிலை ஆப்பில் தென்மேற்கு என்று காட்டும் நாளில் சிக்னல் ஹில், கேப் ஸ்பியர் என்று கடலோரம் போங்கள். கிழக்குக் காற்று நாளில் அருங்காட்சியகம், கடைத்தெரு, ஆற்றோர நடை. பல்கலைக்கழகத்துப் பக்கம் டி-ஷர்ட் போதும் என்கிற நாளிலும் சிக்னல் ஹில் மேலே ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது.

குடையைப் பெட்டியில் வைக்காதீர்கள், வீண் சுமை. இங்கே மழை பக்கவாட்டில் வரும், குடை முதல் நாளே மடங்கிவிடும். தலைமூடி வைத்த, காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று. உள்ளே பருத்தியை விட கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. பருத்தி நனைந்தால் காய நேரமாகும், அதுவரை உடம்பு நடுங்கும்.

சிக்னல் ஹில் விஷயத்துக்கு வருகிறேன். 1901 டிசம்பர் 12-இல் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த முதல் கம்பியில்லாத் தந்தி சமிக்ஞையை மார்க்கோனி பட்டத்தில் கட்டிய ஆன்டெனா மூலம் பிடித்தது இந்தக் குன்றில்தான். உச்சியில் கபோட் டவர். ஏற இரண்டு வழி. டக்வொர்த்தின் கிழக்கு முனையிலிருந்து சிக்னல் ஹில் ரோடு, தார் ரோடு, யாரும் ஏறலாம். மற்றது பாட்டரி குடியிருப்பு வழியாக நார்த் ஹெட் பாதை, 1.7 கி.மீ.

நார்த் ஹெட் பாதைதான் இந்த ஊரின் உயிர், அதில் சந்தேகமே இல்லை. அவுட்டர் பாட்டரி தெரு போகப் போகக் குறுகி, கடைசியில் பாதை ஒரு வீட்டின் மரத்தளத்தின் மேலேயே போகும். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிவிடாதீர்கள், அதுதான் வழி. சத்தம் போடாமல் கடந்து போங்கள். அதற்குப் பிறகு ஒருபக்கம் பாறை, மறுபக்கம் நேராகக் கடல். ஓரிடத்தில் பாதை மிகவும் ஒடுங்கும்; பாறையில் பதித்த இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். அப்புறம் உச்சிவரை மரப்படிகள். பலரும் மேலிருந்து கீழே இறங்கினால் சுலபம் என்பார்கள். மூச்சுக்குச் சுலபம்தான், ஆனால் ஈரப் படியில் சறுக்குவது இறங்கும்போதுதான். கீழிருந்து ஏறி, திரும்பும்போது தார் ரோட்டில் இறங்குவதே நல்லது. பையனைக் காற்றில்லாத காய்ந்த நாளில் மட்டும் கூட்டிப் போங்கள். சங்கிலி இருக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். குளிர்காலத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது, படியெல்லாம் உறைபனி. காரில் போகிறவர்கள் காரை பாட்டரி தெருவுக்குள் கொண்டுபோக வேண்டாம். திருப்ப இடம் கிடைக்காது, குடியிருப்பவர்களுக்கும் வழி அடைபடும்.

பையனோடு முதல் வாரத்திலேயே போக நல்ல வழி ஒன்று உங்கள் வாசலில் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் லாங் பாண்ட். அதன் கரையிலுள்ள ஃப்ளூவேரியத்தில் கண்ணாடிச் சுவர் வழியாக ஓடையின் அடியில் மீன் நீந்துவதைப் பார்க்கலாம். அங்கிருந்து ரென்னீஸ் ரிவர் பாதையைப் பிடித்தால் ஆற்றோடு இறங்கி இறங்கி கிடி விடி ஏரி வரை கொண்டுபோய் விடும். ஏரியைச் சுற்றி வர நாலு கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, சமதரை. ஏரி முடியும் இடத்தில் கிடி விடி கிராமம். பாறைகளுக்கு நடுவே சின்னத் துறை, மீன்பிடிக் கொட்டகைகள். ஏரியின் மறுமுனையில் பழைய விளையாட்டு அரங்கத்துக்குள் ஒரு பெரிய மளிகைக்கடை இருக்கிறது. கழிப்பறைக்கும் பசிக்கும் அங்கே ஒதுங்கலாம்.

கேள்வி (தொடர்ச்சி)

மிக்க நன்றி. பஸ் எப்படி? பனிப்பாறை, திமிங்கிலம் எப்போது? குளிர்காலத்தில் நடக்க முடியுமா?

பதில் 3

பஸ் மெட்ரோபஸ். காசு கொடுத்து ஏறினால் சரியான சில்லறை வேண்டும், டிரைவர் மீதி தரமாட்டார். எம்-கார்டு என்ற பஸ் பயண அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். சில வழித்தடங்களில் ஞாயிற்றுக்கிழமையும் இரவும் பஸ் குறைவு, போகும்போதே திரும்பும் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். பெரிய மால், மொத்தக் கடைகள் எல்லாம் துறைமுகத்திலிருந்து தள்ளி மேட்டில் இருக்கின்றன. கலர் வீட்டு மோகத்தில் பழைய நகரத்தில் வாடகைக்குப் போகும் முன் இதை யோசியுங்கள். விளம்பரத்தில் பி.ஓ.யூ. என்று போட்டிருந்தால் மின்சாரமும் சூடேற்றலும் உங்கள் செலவு. பழைய மரவீட்டில் காற்று புகும், போன ஜனவரி, பிப்ரவரி பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முன்பணம் மாத வாடகையில் முக்கால் பங்குக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது.

பனிப்பாறைக்கு மே, ஜூன். நீங்கள் வரும்போது முடிந்திருக்கும். திமிங்கிலம் கிடைக்கும். கப்பெலின் என்ற சின்ன வெள்ளி மீன் ஜூன், ஜூலையில் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகக் கரை ஒதுங்கும், மிடில் கோவ் கடற்கரையில் மக்கள் வாளியோடு நிற்பார்கள். அதைத் தின்னத்தான் கூனல்முதுகுத் திமிங்கிலம் கரைக்கு அருகில் வருகிறது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிரட்டி முழுசாகப் பொரித்தால் கப்பெலின் அருமையாக இருக்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து சிக்னல் ஹில் சரிவுகளிலும் கேப் ஸ்பியரிலும் காட்டு புளூபெர்ரி பழுக்கும், பையனுக்கு ஒரு டப்பா கொடுத்துவிடுங்கள்.

கிரீன்லாந்தை விட்டுவிட்டால், கேப் ஸ்பியர்தான் வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி. ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ., நகரப் பஸ் போகாது. டாக்சியில் போனால் திரும்பி அழைத்துப் போகவும் அப்போதே பேசி வையுங்கள். அங்கே கடலோரக் கறுப்புப் பாறைகளில் இறங்கவே கூடாது. கடல் அமைதியாகத் தெரியும்போதே திடீரென ஒரு பெரிய அலை ஏறி ஆளை இழுத்துவிடும். எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததில்லை.

பதில் 4

குளிர்காலம் பற்றி நான் சொல்லுறன். சப்பாத்துக்கு அடியில மாட்டுற ஆணிப்பட்டி ஆளுக்கு ஒண்டு கட்டாயம் வாங்குங்கோ, நவம்பருக்கு முதலே. இங்க பனி கொட்டும், அடுத்த நாள் மழை பெய்யும், இரவில உறையும். உறைபனிதான் ஆபத்து, பனி இல்லை. நடைபாதை எல்லாத்தையும் மாநகரசபை துப்புரவாக்காது, முக்கியமான சிலதைத்தான். அதால சனம் ரோட்டில நடக்க வேண்டி வரும். வாகனம் வாற பக்கத்தைப் பார்த்தபடி நடவுங்கோ, பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும், ஒளி தெறிக்கிற பட்டி ஒண்டை ஜாக்கெட்டில ஒட்டுங்கோ. 2020 ஜனவரி 17-இல ஒரே நாளில 76 சென்ரிமீற்றர் பனி கொட்டி, ஊரே எட்டு நாள் அவசரநிலையில கிடந்தது. அரிசி, பருப்பு, பால்மா, மருந்து ஒரு கிழமைக்காவது வீட்டில இருக்கட்டும்.

கார் வாங்கின பிறகு: குளிர்காலத்தில நள்ளிரவுக்குப் பிறகு தெருவில நிறுத்தத் தடை இருக்கு, பனி அள்ளுற வாகனத்துக்கு வழி விடத்தான். இழுத்துக்கொண்டு போனால் தண்டமும் இழுவைக் கூலியும். ஊருக்கு வெளியில விடியவும் பொழுதுபடவும் மூஸ் மான் ரோட்டைக் கடக்கும், அந்த நேரம் மெதுவாய் ஓடுங்கோ.

இன்னொண்டு. 1986 ஆகஸ்ட் 11, இந்தத் தீவின்ர தென்கரைக்கு வெளியில இரண்டு உயிர்காப்புப் படகில எங்கட ஈழத்தமிழ் ஆக்கள் 155 பேர் மூடுபனிக்குள்ள தத்தளிச்சுக்கொண்டு நிண்டவை. இந்த ஊர் மீன்பிடிக்காரர்தான் கண்டு ஏத்தினவை. செயின்ட் ஜான்ஸுக்குக் கொண்டுவந்து, நீங்கள் சொல்லுற அதே மெமோரியல் பல்கலைக்கழக விடுதியிலதான் தங்க வைச்சவை. இந்தச் சனத்தோட கதைக்கத் தயங்காதேங்கோ. தெரியாத ஆளையும் 'மை லவ்', 'மை டக்கி' எண்டு கூப்பிடுவினம். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுவினம்.

பதில் 2 எழுதியவர் மீண்டும்

ஜூலை கடைசியில் வருவதால் இதையும் சேர்க்கிறேன். ஆகஸ்ட் முதல் புதன்கிழமை கிடி விடி ஏரியில் ராயல் செயின்ட் ஜான்ஸ் ரெகாட்டா, படகுப் போட்டி. ஊருக்கே விடுமுறை. ஆனால் காற்று அதிகமென்றால் போட்டி தள்ளிப்போகும், விடுமுறையும் அதோடு சேர்ந்து தள்ளிப்போகும். அன்று அதிகாலையில்தான் முடிவு சொல்வார்கள், ரேடியோவில் கேட்கலாம். போட்டி நடந்தால் வங்கி, அலுவலகம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வங்கிக் கணக்கு தொடங்குவது, வீட்டுச் சாவி வாங்குவது எதையும் அந்தப் புதனிலோ அடுத்த இரண்டு நாளிலோ வைக்காதீர்கள், திங்கள், செவ்வாயிலேயே முடித்துவிடுங்கள்.