ஊர்க் கோயிலுக்கு தென்னாப்பிரிக்காவிலிருந்து நன்கொடை: சங்கக் கணக்கிலிருந்து அனுப்பலாமா?

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறோம் அண்ணா. ஊரில் கும்பாபிஷேகம். எல்லாரிடமும் வசூலித்து, இங்குள்ள சங்கத்தின் கணக்கிலிருந்தே மொத்தமாக அனுப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இங்கே தொடங்கிய சங்கம் இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு அமைப்பு. உறுப்பினர் அத்தனை பேரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அப்படித்தான். பணம் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் போய்விடும். வாங்குகிற டிரஸ்டுக்கு உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்றே திறந்த கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். ஊர்த் திருப்பணிக் கமிட்டிக்கு இதெல்லாம் எங்கே இருக்கப்போகிறது? பதிவுள்ள வேறொரு டிரஸ்ட் வாங்கிக் கைமாற்றிவிடட்டும் என்று யாராவது யோசனை சொல்வார். அந்த வழியை 2020 திருத்தம் அடைத்துவிட்டது.

இந்தியக் குடிமக்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது இந்தச் சட்டத்தில் வராது. அதனால் அவரவர் தனித்தனியாக அனுப்புங்கள். இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கென உள்ள உங்கள் என்.ஆர்.இ. கணக்கில் போட்டு, அங்கிருந்து டிரஸ்டின் பெயரிலுள்ள கணக்குக்கு மாற்றுங்கள். பாஸ்போர்ட் நகலும், இது என் சொந்தச் சேமிப்பு என்று கையெழுத்திட்ட கடிதமும் டிரஸ்ட் கோப்பில் இருக்கட்டும்; ஆடிட்டர் கேட்பார். தர்மகர்த்தாவின் சொந்தக் கணக்குக்கு மட்டும் அனுப்பாதீர்கள். உறவல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரி அவர் தலையில் விழும்.

இங்குள்ள வங்கி வேலை விசாவும் சம்பளச் சீட்டும் கேட்கும். பொருளாளர் எல்லார் பணத்தையும் தன் கணக்கில் வாங்கி அனுப்பப் பார்த்தால் மாட்டிக்கொள்வது இங்கேதான்: சம்பளத்துக்கு மீறிய தொகைக்கு அவரால் கணக்குக் காட்ட முடியாது.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா, டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த் தமிழர்களும் தருகிறோம் என்கிறார்களே?

பதில்: நல்ல மனசு. ஆனால் அவர்கள் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அவர்கள் பணம் வெளிநாட்டுப் பணம்தான். தென்னாப்பிரிக்க வரிச் சலுகைக்கான 18ஏ ரசீது கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அது இந்த நாட்டுக்குள் செலவாகும் கொடைக்கானது. அவர்கள் பங்கை இங்குள்ள காவடி அன்னதானத்துக்கோ தமிழ் வகுப்புக்கோ வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்களில் பலர் தேடுவது பூட்டன் பிறந்த ஊரை. அதற்கு நீங்கள் உதவலாம். 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பதிவேட்டில் தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் உண்டு. எழுத்து கன்னாபின்னாவென்றிருக்கும், வாய்விட்டுப் படித்தால்தான் ஊர் பிடிபடும். ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தால் வேலூரோடு நிற்காமல் திருத்தணி, சித்தூர் பக்கமும் தேடுங்கள்.